பாதிப் பூக்குழி

பிரனீல் வெங்கடசாமியை வீரர் என்று சொல்பவர்கள் ஆக்லாந்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சொல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவருடைய அம்மா சுப்பம்மா, மற்றவர் மனைவி ஸ்வர்ணா. இருவரும் அவரை மிக அருகிலிருந்து பார்த்தவர்கள் என்பதால் அவர்கள் பேச்சை ஒதுக்கிவிட முடியாது.

ஊர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இருபது வயதில் ரக்பி லீக் ஆடினார். பிறகு ராணுவத்தில் சேர்ந்தார். அதற்குப் பிறகு இன்றுவரை தீயணைப்பு நிலையத்தில் இருக்கிறார். மூன்றுமே, மற்றவர்கள் எதைக் கண்டு ஓடுகிறார்களோ அதை நோக்கி ஓடுகிற வேலைகள். ஒரு மனிதன் மூன்று முறை அப்படி ஓடிவிட்டால் அவனுக்குப் பயமில்லை என்று உலகம் முடிவு கட்டிவிடுகிறது. எதிலிருந்து தப்பித்து அந்தப் பக்கம் ஓடினான் என்று யாரும் கேட்பதில்லை.

ஃபிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த கையோடு அந்தக் குடும்பம் நியூசிலாந்துக்கு வந்தபோது பிரனீலுக்குப் பத்து வயது. மேற்கு ஆக்லாந்தில் அவர் படித்த பள்ளியில் சமோவா, டோங்கா பையன்கள் பெருத்த உடம்போடு இருந்தார்கள். இந்த ஒல்லி இந்தியனை எங்கே நிறுத்துவது என்று யோசித்து, பந்து அதிகம் வராத ஓரத்தில் நிறுத்தினார்கள். ஒரு நாள் தப்பித்தவறி பந்து வந்தது. அன்றைக்குத்தான் இவனுக்கு ஓட வரும் என்று தெரிந்தது.

ரக்பி லீக் ஓர் அணிக்குப் பதின்மூன்று பேர் ஆடும் ஆட்டம். பந்து வைத்திருப்பவனை எதிரணிக்காரர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து கீழே சாய்ப்பார்கள்; டாக்கிள் என்பது அதன் பெயர். சாய்ந்தவன் எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிட்டு, மறுபடி சாய்க்கப்படத் தயாராக வேண்டும். வாழ்க்கைக்கு உவமை சொல்ல மிகவும் வசதியான ஆட்டம். அவ்வளவு வசதியாக இருப்பதாலேயே அந்த உவமையைத் தொடாமல் விடுவது நல்லது.

அவர் ஆடிய கிளப்பின் சுவரில் இன்றும் ஒரு புகைப்படம் மாட்டியிருக்கிறது. இறுதிப் போட்டியில் தன் பக்கத்துக் கோட்டிலிருந்து எதிரணிக் கோடு வரை ஒற்றை ஆளாக ஓடி, கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தி, வெற்றிக்கான டிரையைப் போட்டார். பின்னால் எதிரணியில் பாதிப் பேர் துரத்துவது படத்தில் தெளிவாகத் தெரியும். கிளப்பில் அந்தப் படத்துக்குக் கீழே நின்று இளைஞர்கள் பீர் குடிப்பார்கள். சுப்பம்மா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னது வேறு.

"பின்னாடி ஆறு தடியனுங்க அடிக்க வர்றானுங்க, இவன் பயந்து ஓடுறான். அதுக்குப் போய்க் கப்பு குடுத்திருக்கானுங்க!"

முழங்கால் போனதும் லீக் போயிற்று. ராணுவத்தில் சேர்ந்தார். முழங்கால் சரியில்லாதவரை ராணுவம் எப்படி எடுத்துக்கொண்டது என்று ஸ்வர்ணா பல முறை கேட்டிருக்கிறாள். பரிசோதனை நாளன்று கால் நன்றாக இருந்தது என்பதுதான் அவர் பதில். திமோர் தீவில் கலவரம் வந்தபோது அங்கே அனுப்பப்பட்டார். அவருக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு, ஆற்று நீரைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தையும் அதன் பெரிய தொட்டியையும் காவல் காப்பது. அவர் அங்கே யாரையும் சுடவில்லை. அவரைச் சுட்டது வெயில் மட்டும்தான்.

ஆனால் தொலைக்காட்சியில் தொட்டியைக் காட்டவில்லை. எரியும் வீடுகளைக் காட்டினார்கள். சுப்பம்மா அதைப் பார்த்துவிட்டு நேராகக் கோயிலுக்குப் போனார். மகன் முழுசாகத் திரும்பி வந்தால் மாரியம்மனுக்குப் பூக்குழி இறங்குவதாக வேண்டிக்கொண்டார். இறங்கப் போவது தானல்ல, மகன். இன்னொருவருடைய உள்ளங்கால்களைப் பணயம் வைத்து வேண்டிக்கொள்ளும் உரிமை தாய்மார்களுக்கு எங்கிருந்து வந்தது என்பது விடை தெரியாத கேள்வி. ஆனால் எந்த மகனும் அதைச் செல்லாது என்று சொன்னதாகத் தெரியவில்லை. பிரனீலும் சொல்லவில்லை. "ஆகட்டும் மா" என்று சொன்னார். அதோடு பதினெட்டு வருடம் ஓடிவிட்டது.

அந்தப் பதினெட்டு வருடமும் சும்மா போகவில்லை. ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் இருந்தது. முதலில் முழங்கால். அடுத்து தீயணைப்புப் பயிற்சி. பிறகு கல்யாணம், கரூரிலிருந்து மருந்தாளராக வேலைக்கு வந்திருந்த ஸ்வர்ணாவைக் கட்டிக்கொண்டார். அதன் பிறகு நிரந்தரமான ஒரு காரணம் கிடைத்தது: ரோஸ்டர் என்கிற டூட்டி அட்டவணை. கோயில் திருவிழா எந்தத் தேதியில் வந்தாலும் அன்றைக்கு அவருக்கு டூட்டி இருந்தது. நிலையத்தில் ஷிஃப்டை மாற்றிக்கொள்ள எத்தனையோ பேர் தயாராக இருந்தார்கள். அவர் கேட்டதில்லை. இரும்பால் அடித்த விதி போல அந்த ரோஸ்டரைப் பற்றி அம்மாவிடம் பேசுவார்.

தெய்வ நம்பிக்கை இல்லாததால் அல்ல. கோயிலுக்குப் போனால் எல்லோரையும் போல விழுந்து கும்பிடுகிறவர்தான். விஷயம் வேறு. அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் ஒரு கராஜ் தீப்பிடித்தது. அப்போதிருந்த அதிகாரி வாசலில் நின்ற வீட்டுக்காரரிடம் உள்ளே யார், எத்தனை பேர், என்ன பொருள் என்று முறைப்படி விசாரித்துக்கொண்டிருந்தார். விசாரணை முடிந்து உள்ளிருந்தவரை வெளியே கொண்டுவந்தபோது அந்த மனிதர் உயிரோடு இருந்தார். கைகள்தான் கைகளாக இல்லை. பிரனீல் ஆம்புலன்சில் அவரோடு போனார். அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று அந்த மனிதருக்கும் தெரியவில்லை, இவருக்கும் தெரியவில்லை.

பின்னால் தானே அதிகாரியானபோது தன் குழுவுக்கு அவர் கொடுத்த முதல் கட்டளை இதுதான்: நெருப்பில் ஆள் தெரிந்தால் முதலில் ஆளை எடு, கேள்வி பிறகு. புதிதாக வருகிறவர்களை நிறுத்திவைத்து இதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வார். மற்றபடி அவர்கள் அணைத்த தீயில் பெரும்பகுதி டோஸ்டரில் ஆரம்பித்ததுதான். ஆனாலும் கட்டளை கட்டளைதான்.

நெருப்பு என்ன செய்யும் என்று அறிந்தவர் அதில் வெறுங்காலோடு இறங்கத் தயங்கினார். இதைப் பயம் என்று சொல்லாமல் அறிவு என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது என்று கேட்டால் நல்ல படிப்பாளிகளே திணறுவார்கள்.

போன வருடக் கோடையில் சுப்பம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுக்கையிலிருந்து பாத்ரூம் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்றார். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, ஜூனில் தொடங்கும் குளிர்காலத்துக்குள் மாற்றியாக வேண்டும், தள்ளிப்போட்டால் அடுத்த கோடையைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்றார்கள். சுப்பம்மா எல்லாவற்றையும் ஸ்வர்ணா சொல்லச் சொல்லப் பொறுமையாகக் கேட்டார். அவருடைய தமிழ் மூன்று தலைமுறைக்கு முன்னால் கப்பலேறி, ஃபிஜியில் இந்தியோடு குடித்தனம் செய்து வந்த தமிழ்.

"டாக்டர் பொண்ணு அச்சா பொண்ணு. அறுக்கட்டும். ஆனா மொதல்ல இவன் பூக்குழி எறங்கட்டும்."

"மா, அது எந்தக் காலத்து வேண்டுதல்!" என்றார் பிரனீல்.

"நீ திமோருலருந்து முழுசா வந்தியா இல்லியா?"

"வந்தேன்."

"கை காலு எல்லாம் இருக்குதா?"

"இருக்கு மா."

"அப்ப நடந்து காட்டு. வேண்டுதலை பாக்கி வெச்சுக்கிட்டு நான் கத்திக்குக் கீழே படுக்க மாட்டேன். படுத்து அப்படியே போயிட்டேன்னா அங்க போய் அம்மன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

பிரனீல் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தமிழ் தெரியாத சிரிப்பொன்று சிரித்தார். ஸ்வர்ணாவைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

வெஸ்ட்கேட்டில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பி, அம்மாவைப் படுக்க வைத்துவிட்டு, சமையலறையில் அவர் தன் தரப்பை எடுத்துவைத்தார்.

"உள்ளங்கால் தோல் போச்சுன்னா மூணு மாசம் வேலைக்குப் போக முடியாது, தெரியுமா?"

"ஏங்க, நீங்க தினமும் நெருப்புக்குள்ள போறவர்தானே?"

"அது பூட்ஸ் போட்டுக்கிட்டு."

"ஓ, வீரம் பூட்ஸ்லதான் இருக்கா? இது தெரியாம நான் ஆளைக் கட்டிக்கிட்டேனே! பூட்ஸை மட்டும் கட்டியிருந்தா சமையலும் மிச்சம்."

"விளையாடாதே ஸ்வர்ணா. இப்ப நான் நடக்கலைன்னா அம்மா உண்மையிலேயே ஆபரேஷனுக்கு ஒத்துக்க மாட்டாங்களா?"

அவள் கேலியை நிறுத்தினாள். "மாட்டாங்க. உங்க அம்மாதானே, எனக்குத் தெரியாத பிடிவாதமா? பதினெட்டு வருசம் சாக்குச் சொன்ன ஆளைப் பெத்தவங்க."

மறுநாள் அவர் நிலையத்தில் பத்து நாள் லீவு எழுதினார். அவருக்கு அடுத்த பொறுப்பில் இருந்த செமிசி ஆச்சரியப்பட்டான். செமிசி டோங்காக்காரன். முப்பது வயதைத் தாண்டியும் சனிக்கிழமைகளில் லீக் ஆடுபவன். கதவைத் திறந்து உள்ளே வந்தால் வெளிச்சம் குறையும், அப்படி ஓர் உடம்பு.

"பத்து நாளா? எங்கே பாஸ், பாலித் தீவா?"

"குடும்ப விஷயம்."

"பாலிதான்" என்று செமிசி மற்றவர்களிடம் அறிவித்தான்.

பிரனீல் மறுக்கவில்லை. தீயணைப்பு அதிகாரி ஒருவர் தீயில் நடக்கப் போகிறார் என்று தெரிந்தால் மொத்த நிலையமும் கேமராவோடு வந்து நிற்கும். அதைவிட பாலி மேல்.

கோயில் வெஸ்ட்கேட்டைத் தாண்டி, வீடுகள் முடிந்து திராட்சைத் தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. ஃபிஜித் தமிழர்கள் கட்டியது. இப்போது தமிழ்நாட்டுக்காரர்களும் யாழ்ப்பாணத்துக்காரர்களும் வருகிறார்கள். காப்புக் கட்டிய நாளிலிருந்து பத்து நாள் கோயில் மண்டபத்திலேயே தங்க வேண்டும். பாயில் படுக்கை, ஒரு வேளைச் சாப்பாடு, மஞ்சள் வேட்டி, சவரம் கிடையாது. கைபேசியையும் வாங்கி வைத்துவிடுவார்கள். கடைசியாகச் சொன்னதுதான் நிறையப் பேருக்குக் கடும் விரதம்.

அவரோடு காப்புக் கட்டிக்கொண்டவர்களில் ஒரு பஸ் டிரைவர், ஒரு கூரை வேலைக்காரர், பாட்டனி டவுன்ஸில் சோபா விற்கும் சரத் ஆகியோர் இருந்தார்கள். எல்லோருக்கும் இவர்மேல் பெரிய நம்பிக்கை. "உங்களுக்கு என்ன அண்ணே, பழகின நெருப்பு!" என்றான் சரத். பழகியதால்தான் தூக்கம் வரவில்லை என்று பிரனீல் அவனிடம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகக் குழியைச் சுற்றிப் பார்த்து, மணல் வாளி இங்கே, குழாய் அங்கே, முதலுதவி அந்த மூலையில் என்று ஏற்பாடு செய்தார். அவசரத்துக்கு வெளியேற இரண்டு பக்கமும் வழி விட வேண்டும் என்று பூசாரியிடம் சொன்னார்.

பூசாரி குழியை ஒரு தடவை பார்த்தார், இவரை ஒரு தடவை பார்த்தார். "அம்மன்கிட்ட வெளியே போற வழி ஒண்ணுதான். நேரா."

குழி மூட்டுவதற்கு முறைப்படி அனுமதி வாங்கப்பட்டிருந்தது. கோயில் செயலாளர் பிரசாத், எலெக்ட்ரீஷியன், எதையும் நறுக்கென்று முடிப்பவர். ஞாயிறு நடுப்பகலுக்கு மேல் நெருப்பு மூட்டுவோம், புகை வரும், பயப்பட வேண்டாம் என்று தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறைக்கும் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கும் சொல்லிவிட்டார். எல்லாம் சரியாக இருந்தது, வெள்ளிக்கிழமை மாலை வரை.

வெள்ளிக்கிழமை மாலை சபாரத்தினம் என்ற யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒரு சந்தேகத்தோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம், குழி இறங்கும் அதே சாயங்காலத்தில் வருகிறது. ஆனால் அது ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் ஊருக்குப் போட்ட கணக்கு. இங்கே உதிக்கும் நேரம் வேறு, கோடை வந்தால் கடிகாரத்தையும் அரசாங்கம் ஒரு மணி நேரம் இழுத்து வைக்கிறது.

"அப்ப ராகு காலம் எப்ப வருது ஐயா?" என்றார் பிரசாத்.

"அதைத்தானே கதைக்க வந்தனான். எந்தப் பஞ்சாங்கம் எண்டு முதலில் முடிவெடுங்கோ."

மூன்று பஞ்சாங்கங்கள் வந்தன. தமிழ்நாட்டுப் பஞ்சாங்கம் ஒன்று சொன்னது, ஃபிஜிக் காலண்டர் இன்னொன்று சொன்னது, சபாரத்தினத்தின் கைபேசி மூன்றாவது ஒன்றைச் சொன்னது. காலம் என்பது வெளியே இருக்கிறதா, மனிதன் மனத்தில் இருக்கிறதா என்று படித்தவர்கள் நூற்றாண்டுக்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். இந்தக் கமிட்டி அதை ஒரே கூட்டத்தில் தீர்த்தது. மாலையே வேண்டாம், யாருக்கும் வில்லங்கமில்லாமல் முற்பகலிலேயே முடித்துவிடலாம், விடியும்போதே மூட்டிவிடலாம் என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை பிரனீல் பிரசாத்தைப் பிடித்துக் கேட்டார். "டைம் மாத்தினதைச் சொல்லியாச்சா?"

"எல்லாருக்கும் சொல்லியாச்சு அண்ணே. மேளம், பால், சாப்பாடு, வாட்ஸ்அப் குரூப், எல்லாம் ஓகே."

அந்த 'எல்லாரி'ல் கட்டுப்பாட்டு அறை இல்லை. ஏன் இல்லை என்று பின்னால் விசாரித்தபோது பிரசாத் மனம் புண்பட்ட மாதிரி சொன்னார்: "ஃபயர் சர்வீஸே நம்ம மண்டபத்துல மஞ்சள் வேட்டி கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்குதே அண்ணே. அப்புறம் யாருக்குத் தனியா சொல்றது?"

ஞாயிற்றுக்கிழமை காற்றே இல்லை. விடியற்காலையில் மூட்டிய கட்டைகள் எரிந்து புகை ஒரு தூண் போல நேராக மேலே போயிற்று. முற்பகலில் வீடு திரும்பி அதைப் பார்த்த, பின்பக்கத்தில் குதிரை வளர்க்கும் அம்மாள், மதியத்துக்கு மேல்தான் புகை என்று அறிந்து வைத்திருந்தவர், இது வேறு ஏதோ என்று நினைத்து நியாயமாகவே அவசர உதவி எண் 111-ஐ அழைத்தார்.

இங்கே, கட்டைகள் கனலாகி, கனலைத் தட்டிப் பரப்பி, குழி சிவந்த பாயாக விரிந்து கிடந்தது. பம்பையும் உடுக்கையும் சேர்ந்து எழுப்பிய சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேச்சே காதில் விழவில்லை. குழியின் அந்தக் கோடியில் பால் ஊற்றிய சின்னப் பள்ளம், அதற்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் சுப்பம்மா. அவர் தோளில் கை வைத்து ஸ்வர்ணா.

பூசாரி கரகத்தோடு முதலில் இறங்கி, சந்தையில் நடப்பவர் போலக் கடந்து போனார். அடுத்தது பிரனீல். முகமெல்லாம் மஞ்சள், நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் வேப்பிலை, பத்து நாள் தாடி. பெற்ற தாய்க்கு மட்டுமே அடையாளம் தெரிகிற கோலம்.

விளிம்பில் நின்றபோதுதான் அவருக்கு ஒன்று புரிந்தது. லீக்கில் பந்து இருந்தது. ராணுவத்தில் உத்தரவு இருந்தது. தீயணைப்பில் செய்து முடிக்க ஒரு வேலை இருந்தது. இத்தனை வருடம் தைரியம் என்று அவர் நினைத்திருந்தது, கையில் ஏதோ ஒன்று இருந்ததால் வந்த மும்முரம். இங்கே கை காலி. செய்வதற்கு எதுவும் இல்லை, நடப்பதைத் தவிர. எதிரே ஓர் அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டு, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கினார்.

சூடு முதலில் முழங்காலுக்குத்தான் தெரிந்தது. உள்ளங்கால் ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் விட்டது. அடுத்த அடி வைத்தார். அடுத்தது. இவ்வளவுதானா என்ற எண்ணம் மெல்ல எழுந்தது. பதினெட்டு வருடம் இதற்காகவா! சிரிப்புகூட வந்தது. குழியின் நடுவைத் தாண்டினார். அம்மா முகம் தெளிவாகத் தெரிந்தது. அந்த முகம் திடீரென்று அவரைப் பார்ப்பதை விட்டு அவருக்கு இடப்பக்கம் எதையோ பார்த்து வாயைப் பிளந்தது.

தோள் அவர் இடுப்புக்குக் கீழே வந்து மோதியது. இரண்டு கைகள் தொடைகளைச் சுற்றி இறுகின. கால் தரையை விட்டது. வானம் ஒரு தடவை வந்து போயிற்று. குழிக்கு வெளியே புல்லில் மல்லாந்து விழுந்தபோது அவர் மனத்தில் ஓடிய முதல் நினைப்பு பக்தியும் அல்ல, கோபமும் அல்ல. எவ்வளவு சுத்தமான டாக்கிள் என்பதுதான்.

"ஆளை எடுத்துட்டேன்! ஒருத்தரை வெளியே எடுத்துட்டேன்!" என்று மேலே ஒரு ஹெல்மெட் ரேடியோவில் கத்தியது.

மேளம் நின்றது.

"செமிசி" என்றார் பிரனீல்.

ஹெல்மெட் குனிந்து பார்த்தது. மஞ்சளை விரலால் கொஞ்சம் துடைத்துப் பார்த்தது. "பாஸ்? நீங்க பாலியிலே இல்லையா?"

"பாலின்னு நான் எப்பவாவது சொன்னேனா?"

"நெருப்பில் ஆள் தெரிஞ்சா முதலில் ஆளை எடு. நீங்கதானே பாஸ்..." என்று ஆரம்பித்த செமிசி சுற்றிலும் பார்த்தான். மஞ்சள் ஆடை உடுத்திய முந்நூறு பேர் மூச்சு விடாமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரியாகச் சொன்னால் அவன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டூட்டி இல்லாத ஞாயிறெல்லாம் தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன் அவன். எங்கே வந்து என்ன செய்துவிட்டோம் என்று விளங்குவதற்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். வேலியோரம் நின்ற தீயணைப்பு வண்டியிலிருந்து குழாயோடு வந்த மற்ற இருவரும் அவனைப் பார்த்துத் தாங்களும் கழற்றினார்கள்.

பிரனீல் துள்ளி எழுந்து குழியின் விளிம்புக்கே ஓடினார். மறுபடி முதலிலிருந்து நடந்துவிடலாம். இப்போது பயமில்லை, அதுதான் கொடுமை. பூசாரி கையை நீட்டித் தடுத்தார்.

"நெருப்பை மிதிச்ச காலு மண்ணை மிதிச்சாச்சு. இந்தக் காப்புக்கு அவ்வளவுதான்."

"சாமி, இன்னும் கொஞ்ச தூரம்தானே இருந்துச்சு!"

"அவ்வளவுதான் தம்பி."

பிரசாத் குறுக்கே வந்தார். "பூசாரி, ஒரு பக்கம் எறங்கினாரு, இன்னொரு பக்கம் வெளியே வந்தாரு. கடந்த மாதிரிதானே?"

வரிசையில் நின்ற சரத்துக்கு வாய் நிற்கவில்லை. "சைடு லைனைத் தாண்டிட்டா டச் அண்ணே. டிரை கிடையாது."

"ஆனா நேரம் நல்ல நேரம்தான்" என்றார் சபாரத்தினம். "அதிலை ஒருத்தரும் பிழை சொல்லேலாது, ஓம்."

பிரனீலுக்கு இது எதுவும் காதில் ஏறவில்லை. குழியைச் சுற்றிக்கொண்டு அம்மாவிடம் போன தூரம்தான் அன்றைக்கு அவர் நடந்ததிலேயே கடினமான தூரம். பதினெட்டு வருடம் தள்ளிப்போட்டு, நடந்தும், நடக்கவில்லை. அம்மா இனி ஒத்துக்கொள்ளப் போவதில்லை. அடுத்த திருவிழா வருவதற்குள் நடுவில் ஒரு முழுக் குளிர்காலம் இருக்கிறது.

அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்தார். பின்னாலேயே செமிசியும் வந்து, பூட்ஸை எங்கோ விட்டுவிட்டு, காலுறையோடு நின்றான்.

"காலைக் காட்டு" என்றார் சுப்பம்மா.

காட்டினார். அவர் குனிந்து இரண்டு உள்ளங்காலையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். சாம்பல்தான் இருந்தது, ஒரு கொப்புளம்கூட இல்லை.

"எவ்வளவு தூரம் வந்தே?"

"பாதிக்கு மேலயே வந்துட்டேன் மா."

"பேராசைப்படாதே. பாதின்னே வெச்சுக்குவோம்." அவர் செமிசியை அண்ணாந்து பார்த்தார். அதற்கே அவருக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது. "யாருடா இது, பனைமரம் மாதிரி?"

"என்கூட வேலை செய்றவன் மா. நான் எரியுறேன்னு நினைச்சுத் தூக்கிட்டான்."

"யாருன்னு தெரிஞ்சு தூக்குனானா?"

"இல்ல. தெரியாமத்தான்."

சுப்பம்மா செமிசியின் காலுறையை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஸ்வர்ணாவிடம் திரும்பினார்.

"பாதி வேண்டுதல் முடிஞ்சது. மீதிப் பாதி வர்ற வருசம். இவன் முடிக்கிறானா இல்லியான்னு பக்கத்துல இருந்து பாக்க ஒரு ஆளு வேணும். இவனை நம்பி விட்டுட்டுப் போக முடியாது." மூச்சு வாங்கினார். "ஆஸ்பத்திரிக்குப் போன் போடும்மா. எப்ப அறுக்கிறாங்கன்னு கேளு."

ஸ்வர்ணா சிரிக்க முயன்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிரனீல் அம்மாவின் மடியில் தலையை வைத்தார். மஞ்சளெல்லாம் அவர் புடவையில் ஒட்டியது.

வீட்டுக்குப் போகும்போது காரின் பின் இருக்கையில் சுப்பம்மா ஸ்வர்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டது முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தவர் காதில் விழுந்தது. "அறுக்கும்போது தெரியுமா? வலிக்குமா?" தெரியாது, தூங்க வைத்துவிடுவார்கள் என்று ஸ்வர்ணா சொன்னாள். "நெசமா?" என்றார் அம்மா. அந்தக் குரலை பிரனீல் அதற்கு முன் கேட்டதில்லை. இல்லை, கேட்டிருக்கிறார், ரோஸ்டரைப் பற்றிப் பேசும்போது தன் வாயிலிருந்தே வந்த குரல் அது. அவருக்கு ரோஸ்டர் என்றால் அம்மாவுக்கு அம்மன் இருந்திருக்கிறாள். கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் பாராட்டத்தக்க செயல்கள் சில உண்டு என்று ஒப்புக்கொள்வதானால், அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் அவற்றில் சேர்க்கலாம்.

மே மாதத்தில் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு நாள் செமிசி பூங்கொத்தோடு பார்க்க வந்தான். வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்தவனை நர்ஸ் திட்டித் திரும்ப அனுப்பினாள். போட்டுக்கொண்டு வந்தால் இந்த அம்மாள் என்ன சொல்வாரோ என்று அவன் கதவருகிலேயே தயங்கினான்.

"வரச் சொல்லு" என்றார் சுப்பம்மா. குரல் மெலிந்திருந்தது, அதிகாரம் மெலியவில்லை. "இவன்கிட்ட சொல்லு. அடுத்த வருசம் நீ எறங்கும்போது இவனும் வரணும். குழிக்குப் பக்கத்துலயே கூட நடந்து வரட்டும். தூக்கக் கூடாது."

பிரனீல் அதை ஆங்கிலத்தில் சொன்னார். செமிசி வேகமாகத் தலையாட்டினான்.

"நடுவுல நீ நின்னேன்னா, பின்னாடி இருந்து தள்ளச் சொல்லு."

பிரனீல் தொண்டையைச் செருமினார். "வந்ததுக்கு ரொம்ப நன்றின்னு அம்மா சொல்றாங்க" என்றார் செமிசியிடம்.

"அது இல்ல செமிசி" என்று கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து ஸ்வர்ணா ஆரம்பித்தாள்.